நமக்குப் பிடித்த கதை படமானால் ஏன் பெரும்பாலும் மனம் ஒட்டுவதில்லை?

கேள்வி இரண்டு பங்காக இருக்கிறது. விரும்பிப் படித்த கதை திரைக்கு வரும்போது ‘புத்தகம் மாதிரி இல்லையே’ என்று ஏன் தோன்றுகிறது? கதையை மிஞ்சிய படம் ஏதாவது உண்டா?

இரண்டாவதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன்: உண்டு. ‘முள்ளும் மலரும்’ அப்படிப்பட்ட படம் என்பது என் கட்சி. ‘தில்லானா மோகனாம்பாள்’ பாதி அப்படி.

முதல் கேள்விக்கு வழக்கமாக வரும் பதில், ‘மூன்று மணி நேரத்தில் அத்தனையும் எப்படி அடங்கும்?’ என்பது. உண்மைதான். ஆனால் அதோடு விஷயம் முடியவில்லை. நீளம்தான் பிரச்சினை என்றால் சிறுகதையிலிருந்து எடுத்த படங்களில் யாருக்கும் குறையே இருக்கக் கூடாது. எனக்குத் தோன்றும் காரணம் வேறு. ஒரு கதை நம் மனத்தில் தங்குவதற்குச் சம்பவங்கள் ஒரு காரணம் என்றால், அதைச் சொல்கிற ஆள் இன்னும் பெரிய காரணம். சம்பவங்களைப் படத்துக்கு மாற்றிவிடலாம். சொன்ன ஆளைக் கூட்டி வர முடியாது.

‘பொன்னியின் செல்வன்’ இதற்கு நல்ல உதாரணம். 1950 முதல் 1954 வரை கல்கி இதழில் வாராவாரம் வந்த கதை, ஐந்து பாகம். மணிரத்னம் 2022இலும் 2023இலும் இரண்டு படங்களாக எடுத்தார், மொத்தம் ஐந்தரை மணி நேரம் ஓடும். படம் வந்ததும் எங்கே பார்த்தாலும் பட்டியல் போட ஆரம்பித்தார்கள்: மணிமேகலையைக் காணோம், இந்தக் காட்சியைக் காணோம், நந்தினி இப்படிப் பேச மாட்டாள்... எனக்கு அந்தப் பட்டியல் எதுவும் பெரிதாகப் படவில்லை. படத்தில் காணாமல் போன முக்கியமான கதாபாத்திரம் கல்கிதான்.

நாவலின் முதல் வரியிலேயே அவர் நம்மைக் கற்பனை ஓடத்தில் ஏறச் சொல்லிக் கூப்பிடுகிறார். அதற்கப்புறம் ஐந்து பாகமும் கூடவே வருகிறார். கதாநாயகன் வந்தியத்தேவன் அசடு வழியும்போது நம்மைப் பார்த்துக் கண் சிமிட்டுகிறார். சரியான இடத்தில் அத்தியாயத்தை முடித்து நம்மைத் தவிக்க விடுகிறார். கதையை நிறுத்திவைத்துவிட்டுச் சரித்திரம் சொல்கிறார், ‘சரி, கதைக்கு வருவோம்’ என்கிற தோரணையில் திரும்பி வருகிறார். வீர வைஷ்ணவன் ஆழ்வார்க்கடியான் வீர சைவர்களோடு மல்லுக்கு நிற்கும் இடத்தில் நமக்குச் சிரிப்பு வருவது சண்டையால் மட்டும் இல்லை, கல்கி அதைச் சொல்கிற விதத்தால். நாவல் ஆடிப்பெருக்கு நாளில், வீரநாராயண ஏரிக்கரையில், வேடிக்கை பார்த்துக்கொண்டு வரும் ஒரு வாலிபனோடு நிதானமாக ஆரம்பிக்கிறது. படம் போர்க்களத்தில் ஆரம்பிக்கிறது. அந்த ஒரு மாற்றமே போதும், இது வேறு ஆள் சொல்லும் கதை என்பதைக் காட்ட. மணிரத்னத்துக்கு ஊர் வம்பும் கிண்டலும் முக்கியமில்லை. இளவரசன் ஆதித்த கரிகாலனுக்கும் அவன் பழைய காதலி நந்தினிக்கும் நடுவில் உள்ள விவகாரம்தான் முக்கியம். அந்த இடங்களில் படம் நாவலுக்குச் சளைத்ததில்லை, கடம்பூரில் இருவரும் சந்திக்கும் காட்சி உட்பட.

(நாவலை இன்னும் படிக்காதவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிவிடலாம்.) சேந்தன் அமுதன் விஷயத்தில் மட்டும் எனக்கு வருத்தம் உண்டு. நாவலில் பூமாலை கட்டிக் கோயில் கைங்கரியம் செய்யும் அந்தச் சாதுப் பையன்தான் சோழ அரசி செம்பியன் மாதேவியின் உண்மையான மகன், கடைசியில் உத்தம சோழனாக முடிசூடுபவன். படத்தில் அந்த முடிச்சே இல்லை, அரசியின் மகனாக வரும் மதுராந்தகனே முடிசூடிக்கொள்கிறார். திரைக்கதைக்கு அது சுலபம்தான். ஆனால் கல்கி முதல் பாகத்திலேயே விதைத்து ஐந்தாம் பாகத்தில் அறுவடை செய்த விஷயம் அது. வருஷக்கணக்கில் காத்திருந்த வாசகருக்கு மட்டுமே கிடைக்கும் சந்தோஷம். திரையரங்கில் உட்கார்ந்திருப்பவருக்கு அதைக் கொடுக்க வழி இருந்திருக்குமா என்று தெரியாது. முயன்றிருக்கலாம் என்பது என் ஆசை.

‘தில்லானா மோகனாம்பாள்’ இதற்கு நேர் எதிர். கொத்தமங்கலம் சுப்பு ‘கலைமணி’ என்ற பெயரில் ஆனந்த விகடனில் எழுதிய தொடர், கோபுலுவின் ஓவியங்களோடு வந்தது. சுப்பு எவ்வளவுதான் வர்ணித்தாலும் சிக்கல் சண்முகசுந்தரத்தின் நாதஸ்வரம் காகிதத்தில் கேட்காது. 1968இல் ஏ.பி. நாகராஜன் படமாக்கியபோது மதுரை சேதுராமன், பொன்னுசாமி சகோதரர்கள் வாசித்தார்கள். அதோடு தீர்ந்தது. கதை முழுக்க ‘இவர் பெரிய வித்வான்’ என்று நாம் நம்ப வேண்டியிருந்த ஒன்று, காதில் விழுந்துவிட்டது. வைத்தியாக நாகேஷும் ஜில் ஜில் ரமாமணியாக மனோரமாவும் வந்தபின் அந்தப் பாத்திரங்களுக்கு வேறு முகமே கிடையாது. இப்போது நாவலைத் திறந்தாலும் நாகேஷின் குரலில்தான் வைத்தி பேசுகிறான். ஆனாலும் நாவலில் வருகிற ஊர் ஊரான கச்சேரி உலகம், அதன் பொறாமை, மரியாதை எல்லாம் படத்தில் கொஞ்சம்தான். அதனால்தான் பாதி என்றேன்.

இயக்குநர் மகேந்திரனிடம் வருகிறேன். உமா சந்திரனின் ‘முள்ளும் மலரும்’ கல்கி பத்திரிகையின் போட்டியில் பரிசு வாங்கிய நாவல். 1978இல் மகேந்திரன் அதை எடுத்தபோது நாவலின் வரிசையைப் பிடித்துக்கொண்டு நடக்கவில்லை. விஞ்ச் (மலையில் ஏற்றி இறக்கும் இழுவை வண்டி) இயக்கும் காளி, தங்கைமேல் அவனுக்கிருக்கும் பாசம், அவனுடைய வீம்பு, இவற்றை எடுத்துக்கொண்டு மற்றதைத் தன் போக்கில் சொன்னார். பேச வேண்டிய இடத்தில் பேச்சைக் குறைத்தார். பாலுமகேந்திராவின் ஒளிப்பதிவு மிச்சத்தைப் பார்த்துக்கொண்டது. கடைசிக் காட்சியில் காளி இறங்கி வருகிறான், ஆனால் தனக்குப் பிடிக்காதவரைப் பிடித்துவிட்டதாகச் சொல்வதில்லை. அந்த வீம்பு கடைசி நிமிஷம் வரை அப்படியே இருக்கிறது. அடுத்த வருடமே புதுமைப்பித்தனின் ‘சிற்றன்னை’யிலிருந்து ஒரு பொறியை மட்டும் எடுத்து ‘உதிரிப்பூக்கள்’ செய்தார். கதையும் படமும் பக்கத்தில் வைத்தால் உறவுக்காரர்கள் என்றே பலருக்குத் தெரியாது. இங்கே சொல்கிறவர் மாறிவிட்டார், மாறியவரும் வலுவானவர். அதனால் யாரும் புலம்பவில்லை.

எழுத்தாளரே மாற்றினால்? ஜெயகாந்தன் 1966இல் எழுதிய ‘அக்கினிப் பிரவேசம்’ சிறுகதையில், கெடுக்கப்பட்டு வீடு திரும்பும் பெண்ணின் தலையில் தாய் தண்ணீர் ஊற்றி ‘நீ சுத்தமாகிவிட்டாய்’ என்கிறாள். அதற்குக் கிளம்பிய எதிர்ப்பு கொஞ்சநஞ்சமில்லை. அப்புறம் ஜெயகாந்தனே, அந்தத் தாய் அப்படிச் செய்யாமல் கூச்சல் போட்டு ஊருக்குத் தெரியவைத்திருந்தால் அந்தப் பெண் என்ன ஆகியிருப்பாள் என்று யோசித்து ‘சில நேரங்களில் சில மனிதர்கள்’ எழுதினார், 1972இல் சாகித்திய அகாதெமி விருது கிடைத்தது. அதையே பீம்சிங் இயக்க, திரைக்கதையும் ஜெயகாந்தனே எழுதினார், லட்சுமிக்குத் தேசிய விருது. ஒரே விதை, மூன்று உருவம். ‘மூலத்துக்கு விசுவாசம்’ என்று பேசுபவர்கள் எந்த மூலத்துக்கு என்று முதலில் சொல்ல வேண்டும்.

சொல்கிறவர் மாறி, அந்த இடத்தில் யாருமே வராமல் போவதுதான் நிஜமான இழப்பு. சுஜாதாவின் ‘ப்ரியா’வில் லண்டனில் நடக்கும் கதை 1978 படத்தில் சிங்கப்பூருக்குப் போனதில் எனக்கு வழக்கில்லை. மூளையை நம்பும் வக்கீல் கணேஷ் பாட்டும் சண்டையுமாக மாறியதில்தான் வழக்கு. சுஜாதாவின் நக்கல் போனது, அதற்குப் பதிலாக வந்தது நட்சத்திரப் படங்களின் பொதுவான வாய்ப்பாடு.

‘அசுரன்’ இன்னும் சிக்கல். பூமணியின் ‘வெக்கை’ சிதம்பரம் என்ற பதினைந்து வயதுப் பையனின் கதை. கொலை செய்துவிட்டு அப்பாவோடு காட்டில் எட்டு நாள். கையை மட்டும் வெட்டத்தான் நினைத்திருந்தான். எது தின்னக் கிடைக்கும், எங்கே படுக்கலாம், எந்தப் பக்கம் போனால் ஆள் கண்ணில் படாது என்றுதான் நாவல் நகர்கிறது. வெற்றிமாறன் 2019இல் கதையை அப்பா சிவசாமியின் கைக்கு மாற்றி, அவருக்கு நீண்ட பின்கதையும் பஞ்சமி நிலமும் (தலித் மக்களுக்கென்று ஒதுக்கப்பட்ட நிலம்) கொடுத்தார். தனுஷின் நடிப்பை நான் குறை சொல்லவில்லை, தேசிய விருதும் வாங்கினார். படம் கேட்கும் அரசியல் கேள்வி நாவலில் அத்தனை உரக்க இல்லை, அது படத்தின் சொந்தச் சம்பாத்தியம். ஆனால் பயத்தையும் பசியையும் சேர்த்துச் சுமந்த பையன் ஓரத்துக்குப் போய்விட்டான். நட்சத்திரம் அப்பாவாக இருக்கும்போது கதை மகனிடம் தங்குமா?

கேட்டவருக்கு ஒரு யோசனை. படம், புத்தகம் இரண்டையும் ஒப்பிட்டுப் பார்க்க ஆசை என்றால் பெரிய நாவலில் தொடங்க வேண்டாம். ச. தமிழ்ச்செல்வனின் ‘வெயிலோடு போய்’ சிறுகதையை முதலில் படியுங்கள், சில பக்கங்கள்தான். பிறகு சசி இயக்கிய ‘பூ’ (2008) பாருங்கள். தான் ஆசைப்பட்டவன் வேறொருத்தியோடு சந்தோஷமாக இல்லை என்று தெரிந்து மாரி அழுகிற அந்த இடத்துக்காகத்தான் கதை எழுதப்பட்டிருக்கிறது. படம் அவளுக்குச் சிறு வயதையும் வேலையையும் தோழியையும் சேர்த்து வளர்க்கிறது, அழுகையில் மட்டும் கை வைக்கவில்லை. கதையில் அவள் புருஷன் ஒன்றும் புரியாமல் நிற்பான். படத்தில் அவனைக் கொஞ்சம் அதிகம் தெரிந்துகொள்கிறோம். எது பிடித்தது என்று பின்னூட்டத்தில் எழுதுங்கள், என் ஓட்டு சிறுகதைக்கு.