மிளகாய்க் காரம் கிருமியைக் கொல்லுமா?

கேள்வி: காரம் தூக்கலாகப் போட்டுச் சமைத்தால் இரவு முழுக்க வெளியில் வைத்தாலும் உணவு கெடாது, மிளகாய் கிருமிகளைக் கொன்றுவிடும் என்கிறார் என் மாமியார். ஆராய்ச்சியிலேயே வந்திருக்கிறதாம். உண்மையா?

பதில்: ஆராய்ச்சி இருக்கிறது. ஆனால் அதை நம்பி, சமைத்த பாத்திரத்தை அடுப்பங்கரையிலேயே விட்டுவிட்டுத் தூங்கப் போகாதீர்கள்.

மிளகாயின் காரத்துக்குக் காரணம் கேப்சைசின் என்ற வேதிப்பொருள். பலரும் நினைப்பதுபோல் அது விதையில் உண்டாவதில்லை. விதைகள் ஒட்டிக்கொண்டிருக்கும் வெண்ணிறச் சதையில் உண்டாகிறது. ஏன் அங்கே? சூழலியலாளர் ஜோஷுவா டியூக்ஸ்பரியும் அவருடைய குழுவினரும் பொலிவியாவின் காட்டு மிளகாய்களை ஆராய்ந்து 2008-இல் வெளியிட்ட கட்டுரையில் இதற்கு அழகான விடை இருக்கிறது. அங்கே ஒரே இனத்தில் காரமுள்ள செடியும் காரமற்ற செடியும் பக்கத்தில் பக்கத்தில் வளர்கின்றன. பூச்சிகள் காயைத் துளைத்துச் சாறு உறிஞ்சுகின்றன. அந்தத் துளை வழியே ஃபியூசேரியம் என்ற பூஞ்சை நுழைந்து விதைகளை அழிக்கிறது. காரமுள்ள காய்களில் இந்தச் சேதம் குறைவு. பூச்சித் தொல்லை மிகுந்த பகுதிகளில் காரச் செடிகளே அதிகம். ஆக, மிளகாய் தன் விதையைக் காப்பாற்றிக்கொள்ளத்தான் இந்த ஆயுதத்தை வைத்திருக்கிறது. நம் பாத்திரத்தைக் காப்பது அதன் வேலை இல்லை.

உங்கள் மாமியார் கேள்விப்பட்டது 1998-இல் வந்த ஓர் ஆய்வாக இருக்கலாம். வெப்ப நாடுகளில் மசாலா அதிகம் சேர்ப்பது கிருமிகளிடமிருந்து தப்பிக்கத்தான் என்று 36 நாடுகளின் சமையல் குறிப்புகளை வைத்து அது வாதிட்டது. 2021-இல் வேறொரு குழு 70 சமையல் மரபுகளிலிருந்து 33,000-க்கும் மேற்பட்ட குறிப்புகளை அலசி, அந்த வாதத்துக்குப் போதிய ஆதாரம் இல்லை என்று காட்டிவிட்டது.

உணவு நுண்ணுயிரியல் சோதனைக்கூடத்தில் மிளகாய்த்தூளைச் சோதிப்பது என் பொறுப்பாக இருந்தது. தூளைக் கரைத்து, கிருமி வளர்க்கும் அகார் தட்டில் பரப்பி, மறுநாள் காலையில் வெதுவெதுப்பான இன்குபேட்டர் பெட்டியைத் திறந்தால் தட்டு நிறைய பேசில்லஸ் என்ற பாக்டீரியா முளைத்திருக்கும். உலர்ந்த தூளில் அவை நுண்வித்துகளாக உறங்குகின்றன. கொதிக்கும் நீரிலும் பல சாவதில்லை. வெதுவெதுப்பான ஈர உணவு கிடைத்ததும் விழித்துப் பெருகுகின்றன. சோதனைக் குழாயில் கேப்சைசின் சில பாக்டீரியாக்களின் வளர்ச்சியைத் தடுப்பது மெய்தான். ஆனால் அங்கே சேர்க்கும் செறிவு வேறு, நாக்கு தாங்கும் காரம் வேறு. தவிர, கேப்சைசின் தண்ணீரில் சரியாகக் கரையாது. கொழுப்போடு போய்ச் சேர்ந்துவிடும்.

இன்னும் சந்தேகமா? 1977-இல் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் 59 பேருக்கு, பாக்டீரியா நச்சால் நரம்புகள் செயலிழக்கும் பாட்டுலிசம் என்ற நோய் கண்டது. காரணம், சரியாகப் பதப்படுத்தாமல் அடைத்துவைத்த ஹாலபெனோ மிளகாய். அதே நாட்டில் 2008-இல் 1,400-க்கும் மேற்பட்டோருக்கு சால்மொனெல்லா தொற்று வந்தபோது, முக்கியக் காரணமாகப் பிடிபட்டதும் பச்சையாக உண்ட ஹாலபெனோ, செரானோ மிளகாய்கள்தான்.

எனவே சமைத்ததை இரண்டு மணி நேரத்துக்குள் அகலமான, ஆழமில்லாத பாத்திரங்களுக்கு மாற்றி ஃபிரிட்ஜில் வையுங்கள். காலையில் சூடாக்கிக்கொள்ளலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள். பேசில்லஸ் சீரியஸ் என்ற பாக்டீரியா வகை உண்டாக்கும், வாந்தி வரவைக்கும் நச்சு மறுசூட்டில் அழியாது. மாமியாரிடம் இதை மட்டுமாவது படித்துக் காட்டுங்கள்.

கேள்வி: வயிற்றுப்புண் கிருமியை மிளகாய் அழிக்கும் என்று நண்பர் தினமும் பச்சை மிளகாய் தின்கிறார். பலன் இருக்குமா?

பதில்: வயிற்றுப்புண் கிருமியான ஹெலிகோபாக்டர் பைலோரியைச் சோதனைக்கூடத்தில் கேப்சைசின் கட்டுப்படுத்தியது. ஆனால் 1999-இல் அந்தக் கிருமி உள்ளவர்களுக்கே காரமான மிளகாயைக் கொடுத்துப் பார்த்தார்கள், கிருமி அசையவில்லை. அதற்கு ஆன்டிபயாடிக் மருந்துகள் இருக்கின்றன. நண்பரை மருத்துவரிடம் அழைத்துப் போங்கள்.

கேள்வி: காயத்தில் மிளகாய்ச் சாறு தடவலாமா?

பதில்: வேண்டவே வேண்டாம். சூட்டை உணரும் அதே நரம்பு ஏற்பியைத்தான் கேப்சைசின் தூண்டுகிறது, எரிச்சல்தான் மிஞ்சும். காயத்தைச் சுத்தமான நீரில் கழுவுங்கள். மிளகாய் அரிந்து கை எரிந்தால், முதலில் சிறிது எண்ணெய் தேய்த்துத் துடைத்துவிட்டு, பிறகு சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.