பொரியல் வாளியும் நேர்முகத் தேர்வும்

அன்புள்ள ஐயா,

மதுரையில் ஒரு கல்லூரியில் பி.காம். மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். இரண்டாவது ஷிப்ட், மதியம்தான் வகுப்பு. இரண்டு வருடமாகக் கல்யாண மண்டபங்களில் கேட்டரிங் வேலைக்குப் போகிறேன். ஒரு முகூர்த்தத்துக்கு 500 ரூபாய் கிடைக்கும். பஸ் செலவு, செமஸ்டர் கட்டணம் எல்லாம் அதில்தான். முதலில் தண்ணீர் ஊற்றினேன், இப்போது பொரியலும் கூட்டும் என் பொறுப்பு. போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, இரண்டாவது பந்தி நடக்கும்போதே மூன்றாவதுக்குப் பொரியல் வராது என்று வாளியைப் பார்த்துச் சமையல் மாஸ்டரிடம் சொன்னேன். அதனால் தப்பித்தோம்.

பிரச்சினை அதுவல்ல. கல்லூரிக்கு வந்த ஒரு கம்பெனியில் "வேலை அனுபவம் உண்டா?" என்று கேட்டார்கள். வெட்கப்பட்டு இல்லை என்றேன். பயோடேட்டாவில் டீம் ஒர்க், லீடர்ஷிப், கம்யூனிகேஷன் என்று போட்டிருந்தேன். உதாரணம் சொல்லச் சொன்னார்கள், முழித்தேன். அப்பாவோ "எச்சில் இலை முன்னால் நிற்கவா படிக்க வைக்கிறேன்?" என்கிறார். இந்த வேலையால் எனக்குப் பின்னால் ஏதாவது பயன் உண்டா?

க., மதுரை

அன்புள்ள க,

அந்தக் கம்பெனிக்காரர்கள் கேட்ட உதாரணம் உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. போகிற போக்கில் எழுதிவிட்டு "பிரச்சினை அதுவல்ல" என்று தாண்டிப் போய்விட்டீர்கள். பொரியல் வாளியைத்தான் சொல்கிறேன்.

அன்று என்ன செய்தீர்கள் என்று யோசித்துப் பாருங்கள். உட்கார்ந்திருப்பவர்கள் எத்தனை பேர், அவர்கள் நாற்காலிக்குப் பின்னால் இடம் பிடித்து நிற்பவர்கள் எத்தனை பேர், ஒரு வாளி எத்தனை இலைக்கு வரும், இன்னும் நாலு கிலோ பீன்ஸ் நறுக்கி வேக எவ்வளவு நேரமாகும்? கையில் கரண்டியோடு நடந்துகொண்டே இத்தனையையும் கணக்குப் போட்டு, சொல்ல வேண்டியவரிடம் நேரத்தோடு சொல்லியிருக்கிறீர்கள். உங்கள் காஸ்ட் அக்கவுண்டிங் பாடத்தில் ரீஆர்டர் லெவல் என்று ஒன்று வரும், கையிருப்பு எந்த அளவுக்கு இறங்கும்போது மறுபடி சரக்குக்குச் சொல்ல வேண்டும் என்ற கணக்கு. அதிகபட்ச நுகர்வைச் சரக்கு வந்துசேர ஆகும் அதிகபட்ச காலத்தால் பெருக்கச் சொல்வார்கள். பரீட்சையில் அதை எழுதுகிறவர்கள் நிறையப் பேர். முந்நூறு பேர் பசியோடு உட்கார்ந்திருக்கும்போது போட்டுப் பார்த்தவர் உங்கள் வகுப்பில் எத்தனை பேர் இருப்பார்கள்?

ஆகவே அந்த மூன்று ஆங்கில வார்த்தைகளையும் பயோடேட்டாவிலிருந்து அடித்துவிடுங்கள். அவை எல்லோரிடமும் இருக்கின்றன, அதனால் யாரும் படிப்பதில்லை. எத்தனை முகூர்த்தங்கள், ஒரு பந்திக்கு எத்தனை பேர், எந்தப் பொறுப்பிலிருந்து எந்தப் பொறுப்புக்கு வந்தீர்கள் என்று எண்ணோடு இரண்டே வரி எழுதுங்கள். உதாரணம் கேட்டால் வாளிக் கதையைச் சொல்லுங்கள்.

எனக்கும் இது தாமதமாகத்தான் புரிந்தது. 90களில் படிக்கும்போது ராத்திரிகளில், வெளியூருக்குக் காசு கொடுத்துப் போன் பேசும் ஒரு எஸ்.டி.டி. பூத்தில் வேலைக்கு உட்கார்ந்திருந்தேன். நேரம் ஆக ஆகக் கட்டணம் பாதி, கால் என்று குறையும், அதனால் ஊர் அடங்கிய பிறகுதான் கூட்டம் வரும். வரிசையில் சண்டை, மீட்டர் வேகமாக ஓடுகிறது என்று சண்டை. சில நாள் கண்ணாடிக் கதவுக்குள் ஒருவர் சாவுச் செய்தி கேட்டு அழுவார், வெளியே நிற்பவர் சீக்கிரம் வரச் சொல்லிக் கதவைத் தட்டுவார். அழுகிறவரிடம் எப்போது காசு கேட்பது? இதற்கு எந்தப் புத்தகத்திலும் பாடம் கிடையாது. பல வருடம் கழித்து நான் வேலை பார்த்த பத்திரிகை அலுவலகத்தில், கோபத்தோடு வருகிறவர்களிடம் பேச எப்போதும் என்னையே அனுப்பினார்கள். ஏன் என்று அன்று விளங்கவில்லை.

இதற்காக எல்லா வேலையும் எதையாவது கற்றுத்தரும் என்று நான் சொல்லமாட்டேன். தண்ணீர் ஊற்றுவதிலேயே நின்றிருந்தால் உங்கள் கல்வி மூன்றாவது முகூர்த்தத்தோடு முடிந்திருக்கும். தீபாவளி நேரத்தில் ஜவுளிக்கடைக்குப் போகும் மாணவர்களைப் பார்க்கிறேன். நாளெல்லாம் நின்று புடவை மடிப்பதில் வளர்வது கால்வலிதான். கடைப் பணியாளர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்பதற்கே 2021இல் தமிழ்நாட்டில் சட்டத்தைத் திருத்த வேண்டியிருந்தது! உங்களுக்கு அடுத்த படி இருக்கிறது. சாமான் பட்டியல் போடும்போது கூட உட்காரலாமா என்று மாஸ்டரிடம் கேளுங்கள். நூறு பேருக்கு எவ்வளவு அரிசி, எத்தனை இலை, வீண் எவ்வளவு என்று ஒரு நோட்டில் குறித்து, பிறகு எக்செலில் ஏற்றிப் பாருங்கள்.

அப்பா சொல்வதில் பாதியை நான் ஏற்கிறேன். கையில் காசு பார்த்துவிட்டால் பையன் அரியர் வைத்துவிட்டு அங்கேயே நின்றுவிடுவான் என்பது அவர் பயம். அப்படி நின்றவர்கள் உண்டு. மற்ற பாதியை ஏற்கமாட்டேன். இலை எடுக்க வரும் பெண்கள் அந்தக் காசில்தான் பிள்ளைகளைப் படிக்க வைக்கிறார்கள். ஆனால் இதை வைத்து அவரிடம் வாதாட வேண்டாம். மதிப்பெண் பட்டியலைக் காட்டுங்கள், அது போதும்.

ஆடியும் மார்கழியும் உங்களுக்கு எப்படியும் ஓய்வுதான். சிக்கல் நவம்பரிலும் ஏப்ரலிலும், முகூர்த்தமும் செமஸ்டர் தேர்வும் மோதும்போது. தேர்வு அட்டவணை வந்த அன்றே, ஆள் கூப்பிடும் அண்ணனிடம் வர முடியாத தேதிகளைச் சொல்லிவிடுங்கள். முதல் நாள் ராத்திரி போனை அணைத்துவைத்தால் அடுத்த முகூர்த்தத்துக்கு உங்களைக் கூப்பிடமாட்டார்கள்.