மணல் வழக்கை மறைத்துவிட்டேன், அரச நியமனம் போய்விடுமா?

புதுக்குடியிருப்பிலிருந்து ஒரு வாசகர்: 2019இல் மாமாவின் உழவு இயந்திரத்தில் அனுமதிப்பத்திரம் இல்லாமல் மணல் ஏற்றிப் பிடிபட்டேன். முல்லைத்தீவு நீதவான் நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டு காசு கட்டினோம். அரச வேலை விண்ணப்பத்தில் 'நீதிமன்றத்தால் தண்டிக்கப்பட்டிருக்கிறீர்களா' என்ற இடத்தில் 'இல்லை' என்று போட்டுவிட்டேன். பரீட்சையில் சித்தி, நேர்முகத்துக்கும் கடிதம் வந்துவிட்டது. ஒருவர் பொலிஸ் பதிவை எடுத்துவிடலாம் என்று காசு கேட்கிறார். என்ன செய்ய?

பதில்: அந்த ஆளுக்கு ஒரு சதமும் கொடுக்காதீர்கள். பொலிஸ் நிலையத்தில் அவருக்கு யாரைத் தெரிந்திருந்தாலும், நீதிமன்ற வழக்கேட்டில் அவரால் கை வைக்க முடியாது. காசு வாங்கிய பிறகு, உங்கள் ரகசியம் தெரிந்த ஆளாகவும் அவர் இருப்பார். வேலை கிடைத்த பிறகும் வந்து நிற்பார்.

'இல்லை' என்று போட்டது நீங்களா, விண்ணப்பம் நிரப்பிய கொமினிகேசன் கடைப் பெடியனா? அங்கே எல்லாக் கேள்விக்கும் 'இல்லை' என்று போட்டுவிட்டு, கீழே கையெழுத்து மட்டும் கேட்பார்கள். அந்தக் கையெழுத்துக்கு மேலே என்ன இருக்கிறது என்று வாசித்துப் பாருங்கள்: விபரம் பொய்யென்று தெரிவுக்கு முன் தெரிந்தால் தகுதியிழப்பு, நியமனத்தின் பின் தெரிந்தால் நட்டஈடு இல்லாமல் பதவி நீக்கம். பத்து வருடம் கழித்து ஒரு மொட்டைக் கடிதம் போதும்.

இனி முக்கியமான விஷயம். நீங்கள் கட்டியது தண்டப்பணமா, அரச செலவா? இரண்டுக்கும் நீதிமன்றத்தில்தான் காசு கட்டுவோம் என்பதால் பலருக்கு வித்தியாசம் தெரியாது. தண்டப்பணம் என்றால் குற்றத்தீர்ப்பு, 'ஆம்' என்றே எழுத வேண்டும். ஆனால் 1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டத்தின் 306ஆம் பிரிவின்படி, குற்றம் நிரூபணமானாலும் வயது, முன்நடத்தை போன்றவற்றைப் பார்த்து, குற்றத்தீர்ப்பு அளிக்காமலே நீதவான் ஒருவரை விடுவிக்கலாம். அப்போது அரச செலவு என்று ஒரு பணம் கட்டச் சொல்வதும் உண்டு. திரும்பவும் சொல்கிறேன், அது தண்டம் அல்ல. வழக்கேட்டில் '306' என்று இருந்தால் நீங்கள் போட்ட 'இல்லை' பொய்யாகாது. பற்றுச்சீட்டைத் தேடுங்கள். அது இல்லையென்றால் வழக்கிலக்கத்துடன் நீதிமன்றப் பதிவாளர் அலுவலகத்தில் தீர்ப்பின் அத்தாட்சிப்படுத்திய பிரதிக்கு விண்ணப்பியுங்கள். இரண்டு வரித் தீர்ப்பைக் கையில் எடுக்க எத்தனை தரம் பஸ் ஏற வேண்டுமோ! இந்த அலைச்சலில்தான் தரகர் பிழைக்கிறார்.

தண்டம் என்றே இருந்தால், நேர்முகத்துக்கு முன்னரே நியமன அதிகாரிக்குக் கடிதம் எழுதுங்கள். இன்ன வழக்கு, இன்ன திகதி, இவ்வளவு கட்டினேன், விண்ணப்பத்தில் தவறாகப் பதிலளித்தேன், திருத்திக்கொள்ளவும். அவ்வளவு போதும், குடும்பக் கஷ்டம் எல்லாம் வேண்டாம். பதிவுத் தபாலில் அனுப்பிச் சீட்டைப் பத்திரப்படுத்துங்கள். வேலை நிச்சயம் என்று நான் சொல்லமாட்டேன்; முடிவு அவர்கள் கையில். ஆனால் மணல் வழக்கை விளங்கப்படுத்த வழி இருக்கிறது, கையெழுத்திட்ட பொய்யை விளங்கப்படுத்த வழியில்லை.

இன்னொன்று, இனி எந்த வழக்கென்றாலும் 'ஒப்புக்கொண்டு கட்டிவிட்டுப் போ, சின்ன விஷயம்' என்று நீதிமன்ற வாசலில் சொல்பவரைக் கேட்காதீர்கள். முதலில் ஒரு சட்டத்தரணியிடம் 306 பற்றிக் கேளுங்கள்.

நேர்முகத்துக்கு அத்தாட்சிப் பிரதியைக் கொண்டு போங்கள். கேட்டால் காட்டிவிட்டு, போட்டோக் கொப்பியை மட்டும் கொடுங்கள்.