எவர்சில்வர் கைபிடியிலும் துரு வருமா?

"வீடு பருத்தித்துறையில், கடலுக்குக் கிட்ட. மாடிப்படிக்கு எவர்சில்வர் கைபிடி போட்டு ஒரு வருடம்கூட ஆகவில்லை, கபிலப் புள்ளிகள் விழுந்துவிட்டன. துருப்பிடிக்காது என்றுதானே விற்றார்கள்? பேசாமல் அலுமினியமே போட்டிருக்கலாமா?" என்று வாசகர் ஒருவர் கேட்கிறார்.

எவர்சில்வரிலும் பெரும்பங்கு இரும்புதான். கூடவே குறைந்தது 10.5 சதவீதம் குரோமியம் இருக்கும். அது காற்றிலுள்ள ஒட்சிசனோடு சேர்ந்து, மேற்பரப்பில் சில நனோமீற்றர் தடிப்பில் ஒட்சைட்டுப் படலமாகப் படிந்துவிடும். கீறல் விழுந்தாலும் காற்றுப் பட்டவுடன் தானே மூடிக்கொள்ளும். இரும்புத் துருவும் ஒட்சைட்டுத்தான். ஆனால் அது பொருக்காக உதிர்ந்து, ஈரத்துக்கு வழிவிட்டுக்கொண்டே இருக்கும்.

எவர்சில்வரின் படலத்துக்கு எமன் உப்பு. உப்பிலுள்ள குளோரைட்டு அதை ஊசிமுனை அளவுக்குத் துளைக்கும். துளைக்குள் ஒட்சிசன் போதாததால் படலம் திரும்ப வளராது. அங்கே அமிலம் ஊறி, குழி ஆழமாகும்.

கைபிடியின் அடிப்பக்கத்தைத் தடவிப் பாருங்கள். மேற்பக்கத்தை மழை கழுவிவிடும், அடியில் உப்பு அப்படியே கிடக்கும். வெல்டிங் பிடித்த இடத்தில் நீலம் ஓடியிருந்தால் அங்கே படலம் பலவீனம், புள்ளி முதலில் அங்கேதான் வரும். பக்கத்தில் வைத்து இரும்புக் கம்பி அறுத்தார்களா என்றும் விசாரியுங்கள். கிரைண்டரில் இருந்து பறந்த இரும்புத் துகள் ஒட்டித் துருப்பிடித்தாலும் இதே நிறம்தான். அப்படியென்றால் பெரிதாகக் கவலைப்பட வேண்டாம்.

மேலோட்டமான கறைக்குத் தேசிக்காய்ச் சாறு தடவி, மென்மையான துணியால் தேய்த்து, நன்றாகக் கழுவித் துடையுங்கள். இரும்புக் கம்பிப் பஞ்சும் பிளீச்சிங் பவுடரும் கிட்டவே வரக்கூடாது. காற்று கடுமையாக வீசும் நாட்களில் வாரத்துக்கு ஒருமுறையாவது கழுவுங்கள். நல்ல தண்ணீரால்தான்! உவர்க் கிணற்றுத் தண்ணீரை ஊற்றினால் உப்புக்கு மேல் உப்புத்தான்.

இனி வாங்குவதென்றால் 316 ரகம் என்று பில்லில் எழுதி வாங்குங்கள். அதில் 2 முதல் 3 சதவீதம் மொலிப்டினம் என்ற உலோகம் இருக்கும், உப்பைக் கூடுதலாகத் தாங்கும். அதையும் கழுவத்தான் வேண்டும். கடையில் காந்தம் வைத்துக் காட்டுவதை நம்பவேண்டாம். மலிவான 202 ரகம்கூடப் பெரும்பாலும் காந்தத்தில் ஒட்டாது.

அலுமினியமா? அதற்கும் ஒட்சைட்டுப் படலம் உண்டு, அனோடைஸ் செய்தால், அதாவது மின்சாரம் பாய்ச்சி அந்தப் படலத்தை வளர்த்தால், இன்னும் தடிக்கும். உப்பு அதையும் குழியாக்கும். அதைவிட, ஈரச் சுண்ணாம்பும் சீமெந்தும் அந்தப் படலத்தைக் கரைத்தேவிடும். யன்னலுக்கு அலுமினியம் போடுவதென்றால், சுவர் பூச்சு முடிந்து காய்ந்த பிறகு பூட்டச் சொல்லுங்கள்.