வாசகர் கேள்வி – பதில்: பிள்ளைகள் கூடித் தங்கும் ஓர் இரவு

கேள்வி: என் மகளுக்கு அடுத்த மாதம் ஒன்பது வயது நிறைகிறது. அன்று அவளுடைய தோழிகள் ஆறு பேர் எங்கள் வீட்டில் இரவு தங்கப் போகிறார்கள். மாலை ஆறு மணி முதல் மறுநாள் காலை வரை அவர்களை மகிழ்ச்சியாக வைத்திருக்க வேண்டுமே என்று இருபது விளையாட்டுகளை எழுதி வைத்திருக்கிறேன். இவை போதுமா?

பதில்: இருபது மிக அதிகம். ஆறு அல்லது ஏழு இருந்தால் நிறைவாகவே இருக்கும். எண்ணிக்கையைவிட அவற்றை எந்த வரிசையில் வைக்கிறீர்கள் என்பதுதான் அந்த இரவைத் தீர்மானிக்கும். முதலில் ஓடி ஆடுகிற விளையாட்டு, பிறகு உட்கார்ந்து ஆடுகிற விளையாட்டு, கடைசியாகப் படுத்துக்கொண்டே ஆடுகிற விளையாட்டு என்று இறங்குமுகமாக வகுத்துக்கொள்ளுங்கள். பத்து மணிக்குத் தலையணைச் சண்டையை ஆரம்பித்துவிட்டுப் பத்தரை மணிக்கு எல்லோரும் தூங்குங்கள் என்று சொன்னால் எந்தக் குழந்தையாலும் முடியாது. துள்ளிக்கொண்டிருக்கும் உடம்பு அடங்குவதற்கு நேரம் கொடுக்க வேண்டும்.

பிள்ளைகள் எல்லோரும் ஒரே நேரத்தில் வந்து சேர மாட்டார்கள். முதலில் வருகிறவள் கொஞ்சம் கூச்சத்துடன் வாசலருகே நிற்பாள். அந்த நேரத்துக்குக் கைவேலையைப் போல உதவுவது வேறொன்றும் இல்லை, ஏனென்றால் கையில் ஒரு வேலை இருந்தால் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமலேயே பேச்சைத் தொடங்கிவிடலாம். ஆளுக்கு ஒரு வெள்ளைப் பருத்தித் தலையணை உறையும், துணியில் எழுதும் மார்க்கர் பேனாக்களும் கொடுங்கள். புதுத் துணியில் இருக்கும் கஞ்சி போனால்தான் வண்ணம் நன்றாகப் பிடிக்கும் என்பதால் உறைகளை முன்கூட்டியே ஒருமுறை துவைத்து உலர்த்தி வையுங்கள். உறைக்குள் ஓர் அட்டையை நுழைத்துக் கொடுத்தால் மை மறுபக்கம் ஊறாது. மாலையிலேயே வரைந்து முடித்தால் படுக்கும் நேரத்துக்குள் உலர்ந்துவிடும். அன்றிரவு அவரவர் வரைந்த உறையிலேயே தலை வைத்துப் படுக்கலாம்.

எல்லோரும் வந்து சேர்ந்த பிறகு புதையல் வேட்டை வைக்கலாம். ஏழு பிள்ளைகள் என்றால் குறிப்புச் சீட்டுகளும் ஏழு இருக்கட்டும், ஒவ்வொரு சீட்டையும் ஒவ்வொருவர் படிக்க வேண்டும் என்று சொல்லிவிடுங்கள். இல்லாவிட்டால் வேகமாக ஓடும் இருவர் மட்டுமே எல்லாவற்றையும் கண்டுபிடிக்க, மற்றவர்கள் அவர்கள் பின்னால் ஓடிக் களைத்துப் போவார்கள். புதையல் பெட்டிக்குள் விளையாட்டுப் பொருள்களை வைப்பதைவிட, அடுத்த வேலைக்குத் தேவையான போர்வைகளையும் துணி மாட்டும் கிளிப்புகளையும் வைப்பது எனக்குப் பிடித்த வழி. பெட்டியைத் திறந்த கையோடு கூடாரம் கட்டத் தொடங்கிவிடுவார்கள்.

கூடாரத்தைப் பிள்ளைகளே கட்டட்டும். நாற்காலிகளின் முதுகுப் பக்கத்தை உள்நோக்கித் திருப்பி வைத்து, மேலே மெல்லிய விரிப்பைப் போட்டு, கிளிப்பால் இறுக்கினால் போதும். விரிப்பு நழுவாமல் இருப்பதற்காக அலமாரி மேல் கனமான புத்தகங்களை அடுக்கி அதில் செருக வேண்டாம். யாராவது ஒரு பிள்ளை விரிப்பை இழுத்தால் புத்தகம் தலையில் விழும். உள்ளே மெழுகுவர்த்தியோ சூடேறும் மின்விளக்கோ கூடவே கூடாது, மின்கலத்தில் எரியும் சிறு விளக்குகள் மட்டும் இருக்கலாம்.

இரவு உணவுக்குப் பிறகு பெரிய விளக்கை அணைத்துவிட்டு நிழலாட்டத்தைத் தொடங்குங்கள். இதற்கு எந்த விளக்கை எடுக்கிறீர்கள் என்பது முக்கியம். பல சிறு பல்புகள் உள்ள டார்ச்சில் ஒவ்வொரு பல்பும் ஒரு நிழலைப் போடுவதால் கையின் ஓரம் மூன்று நான்காகச் சிதறித் தெரியும். ஒரே ஒரு சிறு பல்பு உள்ள விளக்கில், கைப்பேசியின் விளக்கில்கூட, நிழல் கூர்மையாக விழும். கையை விளக்கின் அருகே கொண்டுவந்தால் சுவரில் பறவை பெரிதாகும், சுவரின் பக்கம் நகர்த்தினால் சிறிதாகித் தெளிவடையும். இரண்டு கட்டை விரல்களையும் கோத்துச் சிறகடிக்கும் பறவையைக் காட்டிவிட்டு நீங்கள் ஒதுங்கிக்கொள்ளுங்கள். ஐந்து நிமிடத்தில் உங்களுக்குத் தெரியாத பத்து விலங்குகளை அவர்கள் உருவாக்கியிருப்பார்கள். விளக்கை யார் கண்ணிலும் நேராக அடிக்கக் கூடாது என்பதை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

அடுத்து உட்கார்ந்து ஆடுபவை. ஒரு தட்டில் இருபது சிறு பொருள்களை வைத்து, ஒரு நிமிடம் பார்க்கவிட்டு, துணியால் மூடி, நினைவில் இருப்பதைச் சொல்லச் செய்வது பழைய விளையாட்டுதான், ஆனாலும் அலுப்பதே இல்லை. போட்டியாக வைக்காமல், ஏழு பேரும் சேர்ந்து இருபதையும் சொல்லிவிட முடிகிறதா என்று பார்க்கலாம். இரண்டு காகிதக் கோப்பைகளின் அடியில் துளையிட்டு ஐந்தாறு மீட்டர் நூலைக் கட்டினால் அது ஒரு தொலைபேசி. நூல் விறைப்பாக இருந்து, கதவிலோ சுவரிலோ உரசாமல் இருந்தால்தான் பேச்சின் அதிர்வு மறுமுனைக்குப் போகும். இதைப் பிள்ளைகளே பிழை செய்து கண்டுபிடிக்க விடுங்கள்.

படுத்த பிறகு தொடர்கதை. ஒருவர் ஒரு வாக்கியம் சொல்ல, அடுத்தவர் அதைத் தொடர வேண்டும். கதையை ஒவ்வொரு சுற்றிலும் முந்தைய சுற்றைவிட மெல்லிய குரலில் சொல்ல வேண்டும் என்பது ஒன்றுதான் விதி. மூன்றாம் சுற்றில் அறை முழுவதும் கிசுகிசுப்பாகிவிடும், ஐந்தாம் சுற்றில் யாராவது ஒருத்தி தன் முறை வந்தும் பேச மாட்டாள். ஆறு முதல் பன்னிரண்டு வயது வரை உள்ள பிள்ளைகளுக்கு நாளொன்றுக்கு 9 முதல் 12 மணி நேரத் தூக்கம் தேவை என்று தூக்க மருத்துவ வல்லுநர்கள் பரிந்துரைக்கிறார்கள். அந்த ஓர் இரவில் அது நடக்காது. ஆகவே மறுநாள் பள்ளியோ பயணமோ இல்லாத நாளாகப் பார்த்து இந்த விருந்தை வையுங்கள்.

கேள்வி: பேய்க்கதை சொல்லியே தீர வேண்டும் என்று மகனும் அவனுடைய நண்பர்களும் அடம்பிடிக்கிறார்கள். அவர்களில் ஒருவன் மிகவும் பயப்படுவான். என்ன செய்யலாம்?

பதில்: இருட்டில் கூடி உட்காரும்போது கிடைக்கும் சிலிர்ப்பைத்தான் அவர்கள் கேட்கிறார்கள், அது பேய் இல்லாமலும் கிடைக்கும். விளக்கை அணைத்துவிட்டு ஒருவன் மறைவாக ஏதேனும் ஓர் ஒலியை எழுப்ப, மற்றவர்கள் அது என்னவென்று கண்டுபிடிக்கட்டும். சீப்பின் பற்களை நகத்தால் மெதுவாக வருடும் ஓசையை இருட்டில் கேட்டுப் பாருங்கள். முதலில் உடம்பு கூசும், பிறகு என்னவென்று தெரிந்ததும் எல்லோரும் சிரித்துவிடுவார்கள். பயப்படுகிற பிள்ளைதான் ஒலிகளைக் கூர்ந்து கேட்பான், பெரும்பாலும் அவனே முதலில் கண்டுபிடிப்பான். அவனை முதல் ஒலி எழுப்புபவனாக அமர்த்துங்கள். என்ன ஒலி என்பது தனக்குத் தெரியும் என்ற தெம்பு அவனுக்குப் பெரியது. கதை சொல்லித்தான் ஆக வேண்டும் என்றால் படுப்பதற்கு வெகு முன்பே, விளக்கு எரியும்போதே சொல்லி முடித்துவிடுங்கள்.

கேள்வி: எங்களுக்கு மொட்டை மாடி இருக்கிறது. பிள்ளைகளுக்கு வானம் காட்டலாமா?

பதில்: பெரியவர் ஒருவர் கடைசிவரை உடனிருப்பதாக இருந்தால் கட்டாயம் காட்டுங்கள், இதைவிட நல்ல நிகழ்ச்சி கிடைப்பது அரிது. கண் இருட்டுக்கு முழுமையாகப் பழக ஏறத்தாழ 20 முதல் 30 நிமிடங்கள் ஆகும். இடையில் யாராவது ஒரு கைப்பேசியைத் திறந்தால் அந்தப் பழக்கம் கலைந்துவிடும், மறுபடி முதலிலிருந்து காத்திருக்க வேண்டும். டார்ச்சின் முகப்பில் சிவப்பு செலோபேன் தாளை இரண்டு மடிப்பாகச் சுற்றினால், மங்கிய சிவப்பு ஒளி கண்ணை அவ்வளவாகப் பாதிக்காது. அந்தத் தாளைச் சுற்றும் வேலையே பிள்ளைகளுக்குப் பத்து நிமிட விளையாட்டு.

சர்வதேச விண்வெளி நிலையம் ஏறத்தாழ 400 கிலோமீட்டர் உயரத்தில், சுமார் 90 நிமிடங்களுக்கு ஒருமுறை பூமியைச் சுற்றுகிறது. பொழுது சாய்ந்த சில மணி நேரத்துக்குள்ளும் விடியலுக்கு முன்னும், தரையில் இருள் சூழ்ந்திருக்க அது மட்டும் வெயிலில் இருக்கும் வேளையில், மினுக்காத ஒளிப்புள்ளியாக வானைக் கடந்து போகும். அது உங்கள் ஊருக்கு மேலே வரும் நேரத்தை நாசா இணையத்தில் அறிவிக்கிறது. அதற்கேற்ப நிகழ்ச்சி வரிசையை முன்பின்னாக மாற்றிக்கொள்ளுங்கள். அந்தப் புள்ளிக்குள் இந்த நேரத்தில் மனிதர்கள் இருக்கிறார்கள் என்று சொன்னதும் கையசைக்காத பிள்ளையை நான் இதுவரை பார்த்ததில்லை.

கேள்வி: நான்கு வயதுத் தம்பியையும் சேர்த்துக்கொள்ளலாமா?

பதில்: மாலையில் சேர்த்துக்கொள்ளலாம், இரவில் உங்களோடு படுக்கட்டும். அவன் இருக்கும் இடத்தில் ஊதாத பலூனும் வெடித்த பலூன் துண்டும் வேண்டாம், அவை தொண்டையில் அடைத்துக்கொள்ளும். சிறிய விளக்குகளில் இருக்கும் பொத்தான் வடிவ மின்கலமும் மிக ஆபத்தானது. விழுங்கினால் இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே உணவுக்குழாயைக் கடுமையாகப் புண்ணாக்கிவிடும். மூடியைத் திருகாணியால் இறுக்கிய விளக்குகளை மட்டுமே வாங்குங்கள்.

கேள்வி: என் மகனுக்கு ஏழு வயது. எப்போதாவது தூக்கத்தில் சிறுநீர் கழித்துவிடுகிறான். நண்பன் வீட்டில் தங்க அழைப்பு வந்திருக்கிறது. அனுப்பலாமா?

பதில்: அவன் போக விரும்பினால் அனுப்புங்கள். இந்த வயதில் இது பல பிள்ளைகளிடம் காணப்படுவது, அவன் மீது குறை எதுவும் இல்லை. அந்த வீட்டு அம்மாவிடமோ அப்பாவிடமோ தனியாக, வேறு பிள்ளைகளின் காதில் விழாதபடி சொல்லிவிடுங்கள். ஆனால் அப்படிச் சொல்லப் போகிறீர்கள் என்பதை மகனிடம் முன்பே சொல்லுங்கள், அவனுக்குத் தெரியாமல் செய்ய வேண்டாம். மாற்றுடையையும் ஒரு பிளாஸ்டிக் பையையும் அவனுடைய பையின் மேல்பக்கத்தில், இருட்டிலும் கைக்கு எட்டும்படி வையுங்கள். வீட்டுக்காரர்கள் செய்ய வேண்டியது, எல்லாப் பிள்ளைகளையும் படுப்பதற்கு முன் கழிவறைக்கு அனுப்புவதும், அங்கே போகும் வழியில் இரவு முழுவதும் ஒரு சிறு விளக்கை எரியவிடுவதும்தான். அந்த விளக்கு எல்லாப் பிள்ளைகளுக்குமே தேவைப்படும்.

கேள்வி: சென்ற முறை நடு இரவில் ஒரு சிறுமி வீட்டுக்குப் போக வேண்டும் என்று அழத் தொடங்கிவிட்டாள். நான் எவ்வளவோ சமாதானப்படுத்தியும் பயனில்லை. இனி அப்படி நேர்ந்தால்?

பதில்: சமாதானப்படுத்துவதில் நீங்கள் தோற்றதாக நினைக்க வேண்டாம். முதல் முறை வெளியில் தங்கும் பிள்ளைக்கு இரவு பன்னிரண்டு மணி என்பது மிக நீண்ட நேரம். அவளை மற்றவர்களிடமிருந்து மெதுவாக அழைத்துவந்து, விளக்கு எரியும் அறையில் உட்கார வைத்து, தண்ணீர் கொடுத்து, அருகில் நீங்களும் உட்காருங்கள். அழாதே என்று சொல்வதைவிட, வீட்டில் உன் படுக்கை எந்தப் பக்கம் இருக்கும் என்பது போல ஏதாவது கேளுங்கள், வீட்டைப் பற்றிப் பேசும்போதே பல பிள்ளைகளுக்கு மனம் ஆறிவிடும். அம்மாவின் குரலைக் கேட்டால் சில பிள்ளைகள் அமைதியாவார்கள், சில பிள்ளைகள் இன்னும் அதிகமாக அழுவார்கள். உங்கள் பிள்ளை எந்த வகை என்று ஒவ்வொரு பெற்றோரிடமும் மாலையிலேயே கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். எந்த நேரத்தில் கூப்பிட்டாலும் வந்து அழைத்துக்கொண்டு போவீர்களா என்பதையும் அப்போதே கேட்டுவிடுங்கள்.

கால் மணி நேரம் கழித்தும் அழுகை நிற்கவில்லை என்றால் தயங்காமல் தொலைபேசியில் அழையுங்கள். விடியும்வரை பொறுத்துக்கொள் என்று அவளை இருத்தி வைத்தால், அடுத்த முறை அழைக்கும்போது அவள் வர மாட்டாள். மற்ற பிள்ளைகளிடம், அவளுக்கு வீட்டில் தூங்கப் பிடித்திருந்தது, காலையில் வருவாள் என்று மட்டும் சொல்லுங்கள். காலை உணவுக்கு அவளையும் வரச் சொல்லி, அவள் வரைந்த தலையணை உறையை அவளுக்காக எடுத்து வைத்திருங்கள்.