ஆண்டவரிடம் சொல்லிவிட்டேன், போதாதா?

கேள்வி: எனக்கு 38 வயது. சொந்த ஊர் தூத்துக்குடி பக்கம். கல்யாணமான நாளிலிருந்து பெங்களூரு லிங்கராஜபுரத்தில் இருக்கிறோம். தமிழ்ச் சபையில் ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கிறேன். எங்கள் ஏரியா ஜெபக்குழுவின் கிறிஸ்துமஸ் சேமிப்பும் என் பொறுப்பில்தான் இருக்கிறது. போனில் ரம்மி ஆடிப் பழகி, அந்தப் பணத்தில் 42,000 ரூபாயை விட்டுவிட்டேன். 2025 ஆகஸ்டில் தடைச் சட்டம் வந்து ஆப் மூடியபோது தப்பித்தேன் என்றுதான் நினைத்தேன். யாரோ அனுப்பிய லிங்க்கில் மறுபடி ஆரம்பித்துவிட்டேன். 15,000 திருப்பி வைத்திருக்கிறேன். மனைவிக்குத் தெரியாது. ‘தேவரீர் ஒருவருக்கே விரோதமாக நான் பாவஞ்செய்து’ என்ற தாவீதின் ஜெபத்தைச் சொல்லித் தினமும் அழுகிறேன். ஆண்டவரிடம் சொன்னது போதாதா? இப்போது அவர் இருக்கிறாரா என்பதே சந்தேகமாக இருக்கிறது. இது பாவத்துக்குத் தண்டனையா? அப்பமும் ரசமும் எடுக்கும் திருவிருந்து ஞாயிறுகளில் போன் வந்ததுபோல் காதில் வைத்துக்கொண்டு வண்டி நிறுத்தும் இடத்துக்குப் போய்விடுகிறேன். ஞாயிறு பள்ளியை விட்டுவிடலாமா?
(பெயர் வேண்டாம், பெங்களூரு)

பதில்: தம்பி, பணத்தையும் சந்தேகத்தையும் ஒரே முடிச்சாகப் போட்டு வைத்திருக்கிறீர்கள். முதலில் பணத்தைப் பார்ப்போம். சந்தேகம் தீரட்டும், அப்புறம் சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்தால் அதற்குள் டிசம்பர் வந்துவிடும்.

நீங்கள் பிடித்துக்கொண்டிருக்கும் 51ஆம் சங்கீதத்தின் தலைப்பைப் படித்திருக்கிறீர்களா? நாத்தான் தீர்க்கதரிசி தாவீதிடம் வந்தபோது பாடியது என்று இருக்கும். ஒரு மனிதன் நேரில் வந்து ‘நீயே அந்த மனுஷன்’ என்று முகத்துக்கு நேராகச் சொல்லியிருக்கிறான். தாவீது, தான் மனைவியை எடுத்துக்கொண்ட உரியாவிடம் போய் மன்னிப்புக் கேட்க முடியாது, அவனைத்தான் கொன்றாகிவிட்டதே. உங்கள் பணத்துக்குச் சொந்தக்காரர்கள் எல்லோரும் உயிரோடு, பக்கத்துத் தெருவில், வாராவாரம் உங்களோடு ஜெபித்துக்கொண்டு இருக்கிறார்கள்.

எண்ணாகமம் 5ஆம் அதிகாரம் இந்த மாதிரி விஷயத்தை நேரடியாகவே பேசுகிறது. செய்ததை அறிக்கையிட வேண்டும், முதலைத் திருப்பித் தர வேண்டும், அதோடு ஐந்தில் ஒரு பங்கு கூட்டி, யாருக்குக் குற்றம் செய்தாரோ அவருக்கே கொடுக்க வேண்டும். உங்கள் கணக்குக்குப் போட்டுப் பாருங்கள். 42,000-க்கு ஐந்தில் ஒரு பங்கு 8,400. பாக்கி 27,000. ஆக 35,400 ரூபாய். அந்தச் சட்டம் இன்றைக்கு உங்களைக் கட்டுப்படுத்துமா என்று நான் வாதாட வரவில்லை. வரி வசூலித்த சகேயு, அநியாயமாய் வாங்கியதற்கு நாலு மடங்கு தருகிறேன் என்றபோதும் இயேசு அதைக் கேட்டு வாங்கவில்லை, அவனாகவே சொன்னான். ஆனால் தினமும் அழுகிற நீங்கள் மாதம் எவ்வளவு கட்ட முடியும் என்று இதுவரை எழுதிப் பார்க்கவில்லை. கடிதத்தில் அது இல்லாததுதான் என் கண்ணில் பட்டது.

முதலில் மனைவியிடம் சொல்லுங்கள். பிள்ளைகள் தூங்கிய பிறகு, பேங்க் ஸ்டேட்மென்ட்டை எதிரே வைத்துக்கொண்டு, முழுத் தொகையையும் ஒரே தடவையில் சொல்லிவிடுங்கள். இன்றைக்குப் பத்தாயிரம், அடுத்த வாரம் இன்னொரு இருபதாயிரம் என்று தவணையில் சொல்கிறவர்களைத்தான் எந்த மனைவியாலும் மறுபடி நம்ப முடிவதில்லை. வேறு கடன் இருந்தால் அதுவும் அன்றைக்கே வெளியே வரட்டும். அவர் கத்துவார், பேசாமல் இருப்பார், அம்மா வீட்டுக்குப் போகிறேன் என்பார். அந்த நேரத்தில் ‘மன்னியுங்கள் என்று வேதத்தில் இருக்கிறதே’ என்று வசனம் எடுக்காதீர்கள். அந்த வசனத்தை அவர் தானாகத் தேடி எடுக்கட்டும்.

அடுத்து ஜெபக்குழு. ‘உங்கள் குற்றங்களை ஒருவருக்கொருவர் அறிக்கையிட்டு’ என்று யாக்கோபு எழுதியதை நம்பி யாரிடம் வேண்டுமானாலும் கொட்டிவிட முடியாது. நம் ஆட்களின் வழக்கம் உங்களுக்குத் தெரியும். ‘இந்தச் சகோதரனுக்காகப் பாரத்தோடு ஜெபியுங்கள்’ என்று காலையில் போட்ட ஜெபக்குறிப்பு சாயங்காலத்துக்குள் தூத்துக்குடி போய்ச் சேர்ந்துவிடும். சாட்சி நேரத்தில் மைக்கைப் பிடித்துச் சொல்வதும் வேண்டாம். நம் சபைகளில் ‘முன்பு குடித்தேன், ஆண்டவர் விடுவித்தார்’ என்றால் அல்லேலூயா உண்டு. ‘போன வாரமும் ஆடினேன்’ என்கிறவனுக்கு நாற்காலி கூட இருக்காது. நீங்கள் இன்னும் முடியாத கதையோடு நிற்கிறீர்கள். ஆகவே சபைப் போதகரான ஐயரிடமும், குழுவில் வாயைக் கட்டத் தெரிந்த பெரியவர் ஒருவரிடமும் போங்கள். கத்தோலிக்கக் குருவானவர் பாவசங்கீர்த்தன ரகசியத்தை மீறினால் சபைநீக்கம் வரைக்கும் போகும். நம் பக்கம் அது பெரும்பாலும் ஆளைப் பொறுத்ததாக இருப்பதால், உட்கார்ந்ததுமே ‘இது உங்களோடு இருக்குமா ஐயா’ என்று கேட்டுவிடுங்கள். பிறகு அந்த இருவரின் துணையோடு, மாதத் தவணை எழுதிய தாளைக் கையில் வைத்துக்கொண்டு, பணம் போட்ட குடும்பங்களிடம் சொல்லுங்கள். அவர்களுக்குத் தெரியாமல் இதை முடிக்க வழி கிடையாது.

ஆட்டத்தைப் பற்றி ஒன்று. சட்டம் வந்து ஆப் மூடிய பிறகும் லிங்க் தேடிப் போனீர்கள் என்றால் இது வெறும் மனஉறுதி சம்பந்தப்பட்டது இல்லை. சூதாட்டப் பழக்கத்தை உலக சுகாதார நிறுவனம் நோய்ப் பட்டியலிலேயே வைத்திருக்கிறது. உங்கள் ஊரிலேயே, ஓசூர் ரோட்டில் நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனை இருக்கிறது. போன், ஆன்லைன் ஆட்டம் என்று மாட்டிக்கொண்டவர்களுக்காக 2014 முதல் ‘ஷட் கிளினிக்’ என்று தனிப் பிரிவே அங்கே நடக்கிறது. போகக் கூச்சமாக இருந்தால் 14416 என்ற டெலி மானஸ் எண்ணுக்கு, அதாவது அரசின் மனநல உதவி எண்ணுக்குப் பேசுங்கள். இலவசம், தமிழிலும் பேசலாம். விசுவாசிக்கு இதற்கெல்லாம் டாக்டரா என்று யாராவது கேட்டால், சர்க்கரைக்கு மாத்திரை போட்டுவிட்டு ஆராதனைக்கு வருகிறவர்களைக் கைகாட்டுங்கள்.

சரி, சந்தேகம். அது தண்டனையா என்று கேட்கிறீர்கள். யோவான் ஸ்நானகன் சிறையில் இருந்தபடி ஆள் அனுப்பி, ‘வருகிறவர் நீர்தானா, வேறொருவர் வரக் காத்திருக்க வேண்டுமா’ என்று கேட்டார். அவர் எந்தப் பணத்தையும் எடுக்கவில்லை. ஏரோதுவிடம் உண்மையைச் சொன்னதற்காக உள்ளே போனவர். அவருக்கும் சந்தேகம் வந்தது. இயேசு அவரைத் திட்டவில்லை, அவரைவிடப் பெரியவன் பிறந்ததில்லை என்று கூட்டத்துக்கு முன்னால் சொன்னார். தோமாவை எடுத்துக்கொள்ளுங்கள். இயேசு உயிர்த்தெழுந்ததைத் தொட்டுப் பார்க்காமல் நம்பமாட்டேன் என்று மற்ற சீஷர்களிடம் வெளிப்படையாகவே சொன்னார். எட்டு நாள் கழித்தும் அதே வீட்டில், அவர்களோடுதான் இருந்தார். யாரும் அவரைத் துரத்தவில்லை, அவரும் போய்விடவில்லை. அப்பேர்ப்பட்டவரின் பெயரில்தான் நம் சென்னையில் ஒரு மலையே இருக்கிறது.

ஒரு விஷயத்தில் மட்டும் உங்கள் பயத்தில் நியாயம் இருக்கிறது. ‘நான் அடக்கிவைத்தமட்டும் என் எலும்புகள் உலர்ந்துபோயிற்று’ என்று 32ஆம் சங்கீதம் சொல்கிறது. ஒளித்து வைத்திருப்பவனுக்கு ஜெபம் வறண்டு போவது புதிதில்லை. அந்த வறட்சியைக் கடவுள் இல்லை என்பதற்குச் சாட்சியாக இப்போதே எடுத்துக்கொள்ளாதீர்கள். அதே சமயம், பணத்தைக் கட்டி முடித்த மறுநாளே விசுவாசம் திரும்பிவிடும் என்று நான் உத்தரவாதம் தரமாட்டேன். சந்தேகம் மிச்சம் இருந்தால் அதையும் ஐயரிடம் சொல்லுங்கள். ‘விசுவாசிக்கிறேன் ஆண்டவரே, என் அவிசுவாசம் நீங்கும்படி உதவிசெய்யும்’ என்று கேட்ட தகப்பனின் பிள்ளை அன்றைக்கே சுகமானான்.

திருவிருந்து பற்றி. தன்னைச் சோதித்தறிந்து புசிக்கும்படிதான் பவுல் எழுதினார், சோதித்துவிட்டு வண்டி நிறுத்தும் இடத்துக்குப் போகும்படி அல்ல. மனைவியிடமும் ஐயரிடமும் பேசிவிட்டு, அடுத்த திருவிருந்துக்குப் பந்திக்குப் போங்கள். பணம் முழுவதும் கட்டி முடியும் வரை காத்திருக்க வேண்டியதில்லை.

ஞாயிறு பள்ளியை நீங்களாக விடாதீர்கள். கொஞ்ச நாள் ஒதுங்கியிரு என்று ஐயர் சொன்னால் முகம் சுளிக்காமல் ஒதுங்குங்கள். ஆனால் சேமிப்புக் கணக்கை இந்த வாரமே வேறு இருவர் கைக்கு மாற்றிவிடுங்கள். குழுவின் பணம் உங்கள் நம்பரின் யுபிஐ-க்கு வந்துகொண்டிருந்தால் அதையும் நிறுத்தச் சொல்லுங்கள்.