மூல ஓவியத்தை அறிவது எப்படி? – வாசகர் கேள்வி, பதில்

கேள்வி: கண்காட்சி ஒன்றில் பென்சில் ஓவியம் வாங்க விரும்புகிறேன். அது கையால் வரைந்த மூலமா, தரமான அச்சுப் பிரதியா என்பதை எப்படிக் கண்டறிவது? (வாசகர், ஈரோடு)

பதில்: கண்ணாடிச் சட்டத்திலிருந்து ஓவியத்தை வெளியே எடுத்துக் காட்டும்படி முதலில் கேளுங்கள். தாளைச் சற்றே சாய்த்து, பக்கவாட்டில் வெளிச்சம் விழும்படி பிடித்துப் பார்த்தால், தலைமுடி, கண்மணி போன்று அழுத்தி வரைந்த இடங்களில், பென்சிலின் உள்ளே இருக்கும் கிராஃபைட் என்ற பொருளுக்கே உரிய சாம்பல் நிறப் பளபளப்புத் தெரியும். அங்கே தாளும் இலேசாகப் பள்ளம் விழுந்திருக்கும். அச்சு மையில் இந்தப் பளபளப்பும் பள்ளமும் இரா. கரிப் பென்சிலால் வரைந்த ஓவியம் பளபளக்காது என்பதால், இதை மட்டும் வைத்து முடிவுக்கு வந்துவிடக் கூடாது.

அடுத்து, பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ் ஒன்றை வைத்துப் பாருங்கள். பென்சில் கோடு தாளின் நுண்ணிய மேடுகளில் படிந்து, இடையிலுள்ள குழிகளை வெள்ளையாக விட்டிருக்கும். அச்சுப் பிரதியிலோ கோடே சிறு சிறு புள்ளிகளாகப் பிரிந்து தெரியும்; இங்க்ஜெட் பிரதியாக இருந்தால், கறுப்பு வெள்ளைப் படத்தில்கூட நீலம், மஞ்சள் புள்ளிகள் பல சமயம் அகப்படும். கீழ் ஓரத்தில் 12/50 என்பதுபோல் எழுதியிருந்தால், அது ஐம்பது பிரதிகளில் பன்னிரண்டாவது என்று பொருள். கையொப்பம் பென்சிலில் இருப்பதால் மட்டுமே படமும் பென்சிலால் வரைந்ததாகிவிடாது.

இவை எல்லாவற்றையும்விட நான் நம்புவது அழித்த தடங்களை. ஓவியர் தோளின் கோட்டை ஓரிடத்தில் போட்டுப் பார்த்து, மனம் நிறையாமல் அழித்துவிட்டுச் சற்றுக் கீழே இறக்கியிருப்பார். அந்தப் பழைய கோடு மங்கலாக மிஞ்சியிருக்கும். பலர் இதைக் குறை என்று எண்ணி ஒதுக்குகிறார்கள். ஓர் ஓவியர் எங்கே தயங்கினார், எங்கே உறுதியானார் என்பதை அவருடைய கைப்பட்ட தாளிலேயே பார்க்க முடிகிறது என்பதுதான் மூல ஓவியம் வாங்குவதன் பெரும் பேறு என்று நான் கருதுகிறேன்.

கேள்வி: என் தாத்தா வரைந்த பென்சில் உருவப்படம் பழுப்பேறி, ஆங்காங்கே புள்ளி விழுந்துவிட்டது. லேமினேஷன் செய்தால் கெடாது என்கிறார் ஃபிரேம் கடைக்காரர். செய்யலாமா? (வாசகி, தஞ்சாவூர்)

பதில்: தயவுசெய்து செய்யாதீர்கள். சூட்டில் உருகித் தாளோடு ஒட்டிக்கொள்ளும் பிளாஸ்டிக்கைப் பிறகு ஓவியத்துக்குச் சேதமின்றிப் பிரிப்பது ஏறக்குறைய இயலாத காரியம். நீங்கள் கவலைப்பட வேண்டியது கோடுகளைப் பற்றியல்ல. கிராஃபைட் என்பது கார்பன் என்ற தனிமத்தின் ஒரு வடிவம், வெயிலில்கூட வெளிறாது. கெடுவது தாள். மரக்கூழில் செய்த மலிவான தாளில் உள்ள லிக்னின் என்ற பொருள் ஒளியாலும் காற்றாலும் சிதைந்து பழுப்பேறுகிறது. சட்டத்தின் பின்னால் வைத்த பிளைவுட்டிலிருந்து கசியும் அமிலம் அதை விரைவுபடுத்துகிறது. புள்ளிகளுக்குப் பெரும்பாலும் ஈரமும் பூஞ்சையுமே காரணம்.

ஆகவே பிளைவுட்டை அகற்றிவிட்டு, அமிலமற்ற பருத்திக்கூழ் அட்டையைப் பின்னால் வைக்கச் சொல்லுங்கள். முன்புறம் நடுவில் வெட்டிய மவுண்ட் அட்டை ஒன்றை வைத்தால், கண்ணாடி ஓவியத்தைத் தொடாமல் இடைவெளி கிடைக்கும். செல்லோடேப் ஒருபோதும் கூடாது. அதன் பசை மஞ்சளாகித் தாளுக்குள் இறங்கிவிடும். மெல்லிய, ஆனால் உறுதியான ஜப்பானியத் தாளின் துண்டுகளில் கோதுமை மாவுப்பசை தடவி, மேல் ஓரத்தில் மட்டும் இரண்டு இடங்களில் பிடித்து வைத்தால் போதும். மழைக்காலத்தில் ஈரம் ஊறும் வெளிச்சுவரிலும், மாலை வெயில் படும் இடத்திலும் படத்தை மாட்டாதீர்கள். தாள் ஓவியங்களுக்கு அருங்காட்சியகங்கள் பொதுவாக 50 லக்ஸ் (லக்ஸ் என்பது வெளிச்சத்தை அளக்கும் அலகு) அளவுக்கு மேல் வெளிச்சம் வைப்பதில்லை என்றால், அந்த ஒளி எவ்வளவு மங்கலானது என்பதை எண்ணிப் பாருங்கள். புள்ளிகளை ரப்பர் கொண்டு நீங்களே தேய்க்க வேண்டாம். கோடும் சேர்ந்து போய்விடும். அதைத் தாள் பாதுகாப்பில் பயிற்சி பெற்றவரிடம் ஒப்படையுங்கள்.

கேள்வி: விலை கொடுத்து வாங்கிய ஓவியத்தை என் மகன் திருமண அழைப்பிதழில் அச்சிடலாமா? (வாசகர், மதுரை)

பதில்: ஓவியரின் அனுமதியின்றிக் கூடாது. தாள் உங்களுடையது, 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி, பிரதியெடுக்கும் உரிமை ஓவியரிடமே இருக்கிறது, அவர் மறைந்து 60 ஆண்டுகள் வரை அவருடைய வாரிசுகளுக்கும் தொடர்கிறது. நீங்களே பணம் கொடுத்து உங்கள் உருவப்படத்தை வரையச் சொல்லியிருந்தால், வேறு ஒப்பந்தம் இல்லாத நிலையில், அந்த உரிமை உங்களுக்கு உண்டு. எப்படியானாலும், வாங்கும்போதே இதை ரசீதில் எழுதி வாங்கிக்கொள்வது இருவருக்கும் நல்லது.

கேள்வி: ஓவியம் பயிலும் என் மகளுக்கு எந்தப் பென்சில்கள் வாங்குவது? (வாசகி, திருநெல்வேலி)

பதில்: எச்பி, 2பி, 4பி, 6பி ஆகிய நான்கும் தொடக்கத்துக்குப் போதும். எச்பி நடுத்தரம்; பி-க்கு முன்னுள்ள எண் கூடக் கூடப் பென்சில் மென்மையாகவும் கறுப்பாகவும் இருக்கும். கிராஃபைட் தூளோடு களிமண்ணைச் சேர்த்துச் சுடும் முறைக்கு 1795இல் பிரான்சின் கோன்தே காப்புரிமை பெற்றார். களிமண் கூடக் கூடக் கோடு கடினமாகவும் வெளிறியும், குறையக் குறைய மென்மையாகவும் கறுத்தும் விழும். பென்சிலில் மிச்சப்படுத்தும் பணத்தை அமிலமற்ற தாளுக்குச் செலவிடுங்கள். ஒவ்வொரு படத்தின் பின்புறத்திலும் தேதியை மையால் அல்லாமல் பென்சிலாலேயே எழுதி வைக்கச் சொல்லுங்கள்.